சுத்தமான இறால் வந்த கிழமை

1. அழுத்தம் குறைந்தது

தலவிலத் தேவாலயத் திருவிழா முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்து, காத்திருந்த மாதிரிகளை ஓட்டினேன். புத்தளம் கரையோரத்து இறால்கள் எல்லாம் பாவமன்னிப்புப் பெற்றிருந்தன. இறால் பண்ணைக்கார ஹாஜியாரின் ஆறு குளங்களிலிருந்து வந்த ஆறு மாதிரிகளில் ஒன்றில்கூட அன்டிபயோட்டிக் மருந்து இல்லை. முந்திய மாதம் அதே குளங்களில் என்ன கிடந்தது என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் ஆய்வுகூடத்தில் இறால் சாற்றை முதலில் கொலம் என்கிற, வடிகட்டி அடைத்த ஒரு குழாய்க்குள் செலுத்துவோம். மருந்து கொலத்தில் ஒட்டிக்கொள்ளும், கொழுப்பு கழுவப்பட்டுப் போகும். பிறகு மெதனோல் விட்டு மருந்தைக் கழற்றி எடுத்து இயந்திரத்துக்குக் கொடுப்போம். மற்றவர்கள் சிலிக்கா மணிகள் நிரப்பிய கொலத்தை விலைக்கு வாங்குவார்கள். நான் பொலிமர் மொனோலித்தை நானே செய்கிறேன். திரவக் கலவையை உருக்குக் குழாய்க்குள் ஊற்றி ஒரு நாள் சுடுநீரில் வைத்தால், பாணின் உட்பக்கம் மாதிரி, துளைகளோடு ஒரே கட்டியாக இறுகிவிடும். மாம்புரியில் வலை இழுக்கும் வீட்டிலிருந்து முதன்முதல் பள்ளிக்கூடம் போனவள் நான். இந்தக் கொலத்தைப் பற்றிப் பெருமையடிக்க எனக்கு உரிமை உண்டு என்று நினைத்திருந்தேன்.

அன்று சாற்றைக் கொலத்துக்குள் தள்ளும் பம்பின் அழுத்தம் வழமையில் பாதிகூட இல்லை. முகாமையாளர் நஸீர் சேர் எட்டிப் பார்த்தார்.

"கொலம் இப்ப நல்லாப் பழகிட்டு, மிஸ். சைன் வைங்க. ஹாஜியார் ரெண்டு தரம் கோல் எடுத்திட்டார். கொன்டெய்னர் நாளைக்கு வெளிநாட்டுக்குப் போகுதாம்."

"சேர், கொலம் சரியா வேலை செய்யுதா எண்டு பாக்க, மருந்து கலந்த மாதிரியை இந்தக் கிழமை ஓட்டவேயில்லை."

"போன கிழமை ஓட்டினதுதானே? நல்ல ரிசல்ட்டுக்கு அழுற ஆளை நான் இப்பத்தான் பாக்கிறன்."

2. கலந்த மருந்தும் காணாமல் போனது

என் அப்பாவுக்குக் கையெழுத்து இல்லை, பெருவிரல்தான். மீனவர் சங்கத்துக் கடதாசி வந்தால், "இதில என்ன கிடக்கு, வாசி" என்று முழுவதையும் கேட்ட பிறகுதான் மையில் விரலை வைப்பார். வாசிக்கத் தெரிந்த நான் ஆறு அறிக்கைகளையும் வாசிக்காமலே கையெழுத்து வைக்கப் பேனையைத் திறந்துவிட்டேன். படிப்பின் பயன்!

பேனையை மூடினேன். கொஞ்ச இறால் சாற்றை எடுத்து, அதற்குள் என் கையாலேயே மருந்தைக் கலந்து ஓட்டினேன். இயந்திரம் மிக மரியாதையாக, மருந்து இல்லை என்றது.

அப்போதுதான் வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. தலவில பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கொலத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டிருந்தேன். இரண்டு முனைக்கும் மூடி போடவில்லை. மூன்று நாள் வெக்கையில் உள்ளே இருந்த மெதனோல் ஆவியாகி, பொலிமர் காய்ந்து, பழம்பாண் தட்டை விட்டு விலகுவதுபோலக் குழாய்ச் சுவரை விட்டுச் சுருங்கியிருக்கிறது. இறால் சாறு அந்த இடைவெளியால் தடையில்லாமல் ஓடியிருக்கிறது, அழுத்தம் குறைந்ததும் அதனால்தான். மருந்து ஒட்டாமல் கழுவுநீரோடு கழிவுப் போத்தலுக்குப் போய்விட்டது. சுத்தமாக இருந்தது இறால் அல்ல, என் கொலம்.

"அப்ப பிழை ஆர்ர?" என்றார் சேர்.

"என்ர, சேர்."

அவர் யாரையாவது ஏசுவதற்குத் தயாராக வந்திருந்தார், பாவம்.

3. ஹாஜியார் வந்தார்

செவ்வாய்க்கிழமை, ஏற்கெனவே மூடி போட்டு வைத்திருந்த இரண்டாவது கொலத்தை இயந்திரத்தில் பூட்டினேன். முதலில் மருந்து கலந்த மாதிரி. கலந்த மருந்து திரும்பி வந்தது. பிறகு ஆறு குளங்கள். நான்கு சுத்தம், இரண்டில் மருந்து.

ஹாஜியார் கதிரையில் உட்காரவே இல்லை.

"நேத்து நல்லம் எண்டீங்களாம். இண்டைக்குக் கூடாது எண்டா, என்ட இறால் ராவோட ராவா மருந்து குடிச்சிதா, புள்ள?"

"இல்ல ஹாஜியார். நேத்து வந்த ரிசல்ட் பிழை, அது என்ர பிழைதான். அந்த ரெண்டு குளத்து இறாலும் ஏறிப் போயிருந்தா, வாங்குற நாட்டில டெஸ்ட் பண்ணிப் பிடிச்சிருப்பாங்க. பிறகு உங்கட பேரில ஒரு பெட்டியும் எடுக்க மாட்டாங்க."

அவர் சேரைப் பார்த்தார். சேர் கூரையைப் பார்த்தார்.

"அந்த ரெண்டையும் இறக்கச் சொல்றன்" என்றார் ஹாஜியார் கடைசியில். "மத்த நாலுக்கும் சைன் வைக்க ஏலுமா, இல்லாட்டி இன்னொரு திருநாள் வருமட்டும் நிக்கவா?"

நான்கு அறிக்கைகளையும் முதல் வரியிலிருந்து வாசித்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். முழுவதையும் வாசித்து முடித்த பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கொலம் செய்யக் கற்றுக்கொடுப்பதில்லை. இரண்டு மூடிகளைக் கையில் கொடுத்து, ஆய்வுகூடப் பதிவுக் கொப்பியில் அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தை வாசிக்கச் சொல்கிறேன். 'மூடி போடாமல் வைத்தவர்' என்று எழுதி, எதிரில் என் முழுப்பெயரை எழுதியிருக்கிறேன். கீழே கையெழுத்தும் இருக்கிறது.