நான்கு மூலை மஞ்சள்

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஆறு வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. அதை முருகன்மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

ஜோகுபாளையத்தில் இருக்கிறேன், எலெக்ட்ரீஷியன். காக்ஸ் டவுனில் பழைய வீடுகளுக்கு வயரிங் மாற்றப் பரண் ஏறும்போதுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. டிரங்குப் பெட்டிகளில் அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து கப்பலில் வந்த, பையன்களுக்கான வாரப் பத்திரிகைகள், படக்கதைகள். விமானம் ஓட்டுகிறவன், கால்பந்து, ஹாஸ்டல் குறும்பு. இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஒரு கதைக்கு ஒரு வாரம் ஆகும். தூக்கிப் போடப் போகிறார்கள் என்றால் கேட்டு வாங்கிக்கொள்வேன். துருப்பிடித்த பின்னைக் கழற்றி, கவரில் போட்டு, பூச்சிக்கு வசம்பு வைப்பேன்.

அங்கே ரிட்டையரான டீச்சரம்மா ஒருவர், இறந்துபோன தன் அண்ணனின் கட்டு ஒன்றைக் கொடுத்தார். மேலே இருந்த இதழின் வலது மூலையில், அண்ணன் சிறுவயதில் பென்சிலால் எழுதிய டீச்சரம்மாவின் பெயர்.

"இது ஒண்ணு மட்டும் என்னுது. வீடு ஒழுகுது, உன் கவர்ல பத்திரமா இருக்கட்டும். கல்லறைத் திருநாளுக்கு வாங்கிக்கறேன்" என்றார்.

நடுவில் சரஸ்வதி பூஜை வந்தது. கட்டிங் பிளேயர், டெஸ்டர், பக்கத்தில் இந்தக் கட்டு. புதிதாக வீட்டுக்கு வந்த காகிதம் எதுவானாலும் நாலு மூலையிலும் மஞ்சள் வைப்பது எங்கள் வழக்கம். குழைத்த மஞ்சளை விரலில் எடுத்தேன்.

"அது மேலயா? கறை புடிக்கும்ங்க" என்றாள் மனைவி.

"சாமி மஞ்சளு கறையாடி? பேசாம கற்பூரத்த ஏத்து."

மறுநாள் காலையில் கட்டை எடுத்தபோதுதான் வலது மூலை கண்ணில் பட்டது. பெயர் மஞ்சளுக்கு அடியில் போயிருந்தது. பதறிப்போய் மகளின் ரப்பரால் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை. பென்சில் போய்விட்டது.

அன்றிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சோற்றில் கை வைத்தவன் எழுந்து போய்க் கவரைப் பார்ப்பேன். வேலைக்குப் போன வீட்டில் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, எதற்குக் கழற்றினோம் என்று நிற்பேன். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், பென்சிலைச் சீவி, சரஸ்வதியை வேண்டிக்கொண்டு, நினைவில் இருந்த மாதிரியே அந்தப் பெயரை நானே எழுதினேன்.

டீச்சரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மஞ்ச பூசிட்டியா! எங்கண்ணன இந்துவா மாத்திட்டியேப்பா" என்று சிரித்தார். அப்புறம், அண்ணன் கையெழுத்து என்று அந்தப் பெயருக்கு முத்தம் கொடுத்தார்.

வருஷா வருஷம் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு நானும் டீச்சரம்மாவோடு அவர் அண்ணன் கல்லறைக்குப் போவேன். சொல்லிவிடலாம் என்று போய், சொல்லாமல் பஸ் ஏறுவேன். இந்த வருஷம் அவர், "கிறிஸ்துமஸுக்கு அண்ணன் பேரப்புள்ளைங்க வராங்க. தாத்தா கையெழுத்து, வச்சுக்கோங்கன்னு அந்தப் புத்தகத்த குடுத்துரப் போறேன்" என்றார்.

அங்கேயே சொல்லிவிட்டேன்.

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "எழுதறப்ப சாமி கும்பிட்டியா?"

"கும்பிட்டேன், டீச்சரம்மா."

"பொய் எழுத சரஸ்வதியவா தொணைக்குக் கூப்ட்ட? நல்லா இருக்கே." கொஞ்ச தூரம் நடந்து நின்றார். "அத அழிச்சிராத. நீ செஞ்சத அப்படியே எழுதிக் குடு. அதே கவர்ல போடறேன். புள்ளைங்களுக்குத் தெரியட்டும்."

மன்னித்தாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. இன்றும் தெரியாது. இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன்.

அந்த இதழ் யார் கைக்குப் போனாலும் இந்தக் காகிதமும் கூடவே போகட்டும். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது; யாராவது படித்துச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு ஒரு வரியையும் மாற்ற வேண்டாம். நான் ஒரு தடவை திருத்தியதே போதும்.