நாற்காலியில் உட்காராதவள்

தையல் கம்பெனியில் அவளுக்குக் கம்பம் என்று பெயர். காலையிலிருந்து மாலைவரை இஸ்திரி மேஜைமுன் நின்றே வேலை செய்வாள். சாப்பிடுவதுகூடச் சுவரில் சாய்ந்துதான்.

"கொஞ்சம் உக்காரேன் கம்பம், பூமி ஒண்ணும் சாய்ஞ்சிடாது" என்பார்கள்.

"பூமி சாயாதுடி, கம்பெனி சாய்ஞ்சிடும்" என்பாள்.

சூப்பர்வைசர் புதிதாகச் சேருகிறவர்களிடம் அவளைக் காட்டி, உழைப்பு என்றால் இதுதான் என்பார்.

அந்தக் கம்பம் ஒருநாள் சட்டையை மடித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தது. உடம்பில் இருக்கவேண்டிய ரத்தத்தில் பாதிதான் இருக்கிறது என்றார்கள் பக்கத்துக் கிளினிக்கில். நாத்தனார்தான் அவள் கையைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள். நாத்தனார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், அண்ணன் வீட்டிலேயே இருக்கிறவள், வாய் நீளம்.

மாதவிலக்கில் அதிகமாக ரத்தம் போகிறவர்களிடம் அங்கே முதலில் நர்ஸ் சில கேள்விகள் கேட்பாள். அந்த ரத்தப்போக்கு வாழ்க்கையை எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்ப்பதற்கு. மதிப்பெண் கூடுதலாக வந்தால் ஸ்கேன், சிகிச்சை எல்லாம் உடனே தொடங்கும். குறைவாக வந்தால் சத்து மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"இதனால வேலைக்குப் போகாம இருந்திருக்கீங்களா?"

"ஒருநாள்கூட இல்லைங்க." சொல்லும்போது கொஞ்சம் பெருமை.

"வெளியே போறதைத் தவிர்க்கிறீங்களா?"

"எனக்கு எங்க போகணும்? எல்லாரும் போனா வீட்டை யார் பாத்துக்கிறது?"

"தூக்கம் கெடுதா?"

"அதெல்லாம் நல்லாத் தூங்குவேன். தரையில பழைய துணியை விரிச்சிட்டா முடிஞ்சது."

நர்ஸ் வரிசையாக 'இல்லை' என்று குறித்தாள். "ரொம்பக் கம்மியா வருதேக்கா. மாத்திரை மட்டும்தான் குடுப்பாங்க."

பரீட்சை முடிந்த நிம்மதியோடு அவள் கிளம்பினாள். நாத்தனார் வாசலை மறித்துக்கொண்டாள்.

"அண்ணி, வந்ததிலேருந்து நின்னுட்டே இருக்கே. ஏன் உக்காரலைன்னு சொல்லிட்டுப் போ."

"சும்மா இருடி."

"சொல்லு."

"நாற்காலி நனைஞ்சிடும்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

நாத்தனார் நர்ஸிடம் திரும்பினாள். "இவ மிஷின்ல தைச்சிட்டிருந்தவங்க. கம்பெனியிலேயே நல்ல கை. ஒருநாள் ஸ்டூல்ல கறை பட்டுச்சு. இவளே கேட்டு இஸ்திரிக்கு மாறிக்கிட்டா. இவ மக பள்ளிக்கூடத்துல மேடையேறிப் பரிசு வாங்கினப்போ இவ ஹாலுக்கு வெளியே நின்னா. இதுக்கெல்லாம் 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"நான் வெளியே நின்னது உனக்கெப்படித் தெரியும்?"

"வேனை அங்கதானே நிறுத்தியிருந்தேன்."

அவள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து, விட்டதையே மறந்துபோனவளிடம் எதை இழந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வாள்? அவள் நின்றதற்கு உழைப்பு என்று பெயர் வைத்தார்கள். பெண் உடம்பு படும் பாட்டுக்குப் பொறுமை என்று பெயர் சூட்டிவிட்டால் மருந்து தேடும் வேலை மிச்சம். வெட்கப்படவேண்டியவர்கள் பாராட்டிக்கொண்டிருந்தார்கள், பாராட்டப்பட்டவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். "சரிக்கா, வேற மாதிரி கேக்கறேன். ரத்தமே போகலைன்னா என்ன செய்வீங்க?"

அப்படி அவளை யாரும் கேட்டதில்லை. யோசித்தாள்.

"மிஷினுக்குத் திரும்பிப் போவேன்."

"அப்புறம்?"

"மக பக்கத்துல படுப்பேன். அம்மா வா வான்னு கூப்பிட்டுட்டே இருந்தா. இப்போ கூப்பிடறதை விட்டுட்டா."

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நர்ஸ் எல்லாவற்றையும் மறுபடி கேட்டுக் கூட்டிக் காட்டினாள். கம்பம் எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு மார்க் நான் பள்ளிக்கூடத்துலகூட வாங்கினதில்லை."

டாக்டரம்மா மறுநாள் காலையிலேயே ஸ்கேனுக்கு வரச் சொன்னார். அவள் தாழ்வாரத்திலிருந்து சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு நான் வரலை சார்."

"நீங்களா? காய்ச்சலாக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் சுலபம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லை சார். மாசாமாசம் ரத்தம் ரொம்பப் போகுது. வைத்தியம் ஆரம்பிக்கணும்."

அவர் நகர்ந்து போக, அந்தப் பக்கம் மிஷின்களின் சத்தம் குறைந்தது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்லயும் அப்படித்தான்கா. எந்த ஆஸ்பத்திரி?"

அவள் வழி சொன்னாள். எந்த மாடி, எந்த அறை என்பதுவரை சொன்னாள்.

"முதல்ல கேள்வி கேப்பாங்க சார். நல்லாத்தான் இருக்கேன்னு மட்டும் சொல்லவேணாம்னு சொல்லி அனுப்புங்க."