டார்சி கேட்ட கோழி

கென்டக்கி மலையிடுக்கில் வர்லீன் ஸ்டாம்பரும் அவள் அண்ணன் டார்சியும் ஒரே வீட்டில், அரசாங்கத்தின் ஒரே உணவு உதவி அட்டையில் காலம் தள்ளினார்கள். டார்சியின் நுரையீரலை நிலக்கரிச் சுரங்கம் தின்றுவிட்டது. மூக்கில் எந்நேரமும் ஆக்சிஜன் குழாய். வர்லீனுக்கு இடுப்பெலும்பு தேய்ந்திருந்தது. கார் படுத்துக்கொண்ட பிறகு டவுன் கடைக்குப் போவது நின்று, சாமான் வாங்குவதெல்லாம் போனில் என்றாகிவிட்டது.

ஒரு விதத்தில் அவளுக்கு அது நிம்மதி. கவுண்டரில் அந்த அட்டையை நீட்டும்போது பின்னால் நிற்பவர்களின் பார்வை முதுகில் குத்தும். போனில் அந்தத் தொல்லை இல்லை.

பிப்ரவரியில் அட்டையில் பணம் ஏறியதும் டார்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்தச் சுட்ட கோழி போடு வர்லீ. சூடா, தோலு மொறுமொறுன்னு இருக்குமே, அது."

போனில் ஆர்டர் போட்டுப் பார்த்தாள். அட்டை ஏற்கவில்லை.

"சூடான சாப்பாட்டுக்கு இது செல்லாதுண்ணே. பச்சைக் கோழின்னா குடுப்பாங்க."

"ஆறவெச்சுக் குடுக்கச் சொல்லேன்!"

"மூச்சு விடத் தெம்பில்ல, வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல உனக்கு."

சிரிக்கப் போய் இருமினான். அவள் பச்சைக் கோழி ஒன்றைப் போட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழம நானே சுட்டுத் தரேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் டார்சி நாற்காலியில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தான். உடலை எடுத்துக்கொண்டு ஒரு வண்டி இறங்க, சாமானோடு இன்னொரு வண்டி ஏறி வந்தது. அதை ஓட்டிவந்த பெண் பைகளை வாசலில் அடுக்கினாள்.

"பெரிய முட்டை டப்பா தீந்துபோச்சும்மா. சின்னது வெச்சிருக்கேன், பரவாயில்லையா?"

"பரவாயில்ல" என்றாள் வர்லீன்.

ஞாயிறன்று கோழியைச் சுட்டாள். துக்கத்துக்கு வந்த சர்ச் ஆட்கள் சாப்பிட்டார்கள். அவள் தொடவில்லை.

அடுத்த வாரம் உதவி அலுவலகத்துக்குப் போன் போட்டு, அண்ணன் இறந்ததைச் சொன்னாள். எடுத்தவள் வருத்தம் சொல்லிவிட்டு, படிவத்தில் இருந்ததைக் கேட்டாள்.

"இப்ப உங்களோட சேந்து சமைச்சுச் சாப்பிடறவங்க யாராச்சும் இருக்காங்களா?"

வர்லீன் டார்சியின் நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"லைன்ல இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன். யாருமில்லம்மா."

மார்ச்சிலிருந்து ஒருத்திக்கான தொகைதான் வந்தது. வீட்டில் கொண்டுவந்து தரும் கூலிக்கு அட்டை செல்லாது. நிறைய வாங்கினால்தான் கூலி கேட்க மாட்டார்கள். ஒற்றை ஆளுக்கு அத்தனை சாமான் சேரவில்லை. மாதத்துக்கு ஒரே தடவை என்று வைத்துக்கொண்டாள். ரொட்டியை ஃபிரீசரில் போட்டுவைத்தாள். பால் பத்தாம் நாளே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வெறும் காபிதான்.