ஆர்னிகா கேட்டவருக்கு ஆம்புலன்ஸ்

ஹோமியோபதி மருந்துக் கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவசரத்தில் வருகிறார்கள். மீதிப் பேர் வந்த பிறகு அவசரப்படுகிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் இது புரியும்.

எங்கள் மருந்தகம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடை வரிசையின் கடைசியில் இருக்கிறது. உள்ளறையில் டாக்டர், வெளியே நான். கல்லூரியில் உயிரியல் படித்தேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியிருக்காது என்று நம்பி இந்த வேலைக்கு வந்தேன். மருந்து இழுப்பறையின் உட்புறத்தில் டாக்டர் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறார். "நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நிற்காத ரத்தம், தலையில் அடி, பெரிய தீக்காயம்: மாத்திரை கிடையாது. 999-இல் ஆம்புலன்ஸ் கூப்பிடு." படிக்க எளிது. வலியோடு நிற்கிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கஷ்டம். சேர்ந்த முதல் வாரமே டாக்டர் கேட்டார்: "உன் குரல் இந்தக் கவுண்டர் கண்ணாடியையே தாண்ட மாட்டேங்குது. ஒருநாள் ஒருத்தர்கிட்ட 'கிடையாது'ன்னு சொல்ல வேண்டி வரும். அப்ப என்ன பண்ணப் போற?"

முழு பாட்டில்

பூச்சோங்கிலிருந்து ஓர் அம்மா போனில் அழுதார். விழுந்து அடிபட்டால் கொடுக்க வாங்கி வைத்திருந்த ஆர்னிகா மாத்திரை முழுவதையும் மூன்று வயது மகன் சாப்பிட்டுவிட்டானாம். எங்கள் மாத்திரைகள் கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை, இனிப்பானவை. பிள்ளைகளுக்கு அது மருந்து என்று தெரிய வாய்ப்பே இல்லை.

போனை டாக்டரிடம் கொடுத்தேன். எந்த மருந்து, எந்த வீரியம், பையன் இப்போது என்ன செய்கிறான் என்று வரிசையாகக் கேட்டார். சோபாவில் குதிக்கிறான் என்று பதில் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் கவனித்துக்கொண்டே இருங்கள், வாந்தியோ மயக்கமோ தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார் டாக்டர். அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டது எனக்கும் கேட்டது: "அப்ப இத்தனை நாளா நாலு நாலா எண்ணிக் குடுத்தேனே, அது எதுக்கு லா?"

தைலம் வரும் முன்னே

செபஸ்தியான் அங்கிள் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேவாலயப் படியில் ஒருமுறை வழுக்கி விழுந்து முட்டியில் அடிபட்டபோது ஆர்னிகா வாங்கினார். அதிலிருந்து எந்த வலிக்கும் அவருக்கு ஆர்னிகாதான். அவர் வாசலுக்கு வருவதற்குள் அவருடைய தைல வாசனை கவுண்டருக்கு வந்துவிடும். காட்டமான வாசனைத் தைலமும் எங்கள் மாத்திரையும் ஒன்றாகச் சேரக்கூடாது என்பது எங்கள் வழக்கம். நேரில் சொல்லக் கூச்சப்பட்டு, அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மருந்தோடு வைத்தேன். அவர் அதை அங்கேயே பிரித்து, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். அன்று நான் இழுப்பறைக்குள் புகுந்துகொள்ள முடிந்திருந்தால் புகுந்திருப்பேன்.

அடுத்த வாரம் வாசனை இல்லாமல் வந்தார். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "முட்டி அப்படியேதான் இருக்கு பாப்பா. ஆனா இப்பல்லாம் பஸ்ல என் பக்கத்துல ஆள் உட்காருது."

ரொட்டிக்கல் சுட்ட கை

நான்கு கடை தள்ளி உணவகத்தில் ரொட்டி சானாய் போடும் அண்ணன் ஒரு காலையில் ஓடி வந்தார். சுடுகல்லில் விரல்கள் பட்டிருந்தன. வருவதற்குள் மற்றவர்கள் வைத்தியம் பார்த்திருந்தார்கள்: கீழே கறுப்பு சோயா கிச்சாப் சாஸ், அதற்கு மேலே பற்பசை. கை, பரிமாறத் தயாரான தட்டு மாதிரி இருந்தது.

"காலெண்டுலா குடு தங்கச்சி, சீக்கிரம்," என்றார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து எங்கள் குழாயடிக்கு அழைத்துப் போனேன். முன்பின் பேசாத ஆணின் கையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. இருபது நிமிடம் தண்ணீருக்கு அடியில் வைத்திருந்தேன். பிறகு டாக்டர் பார்த்து, கொப்புளம் பெரிதானால் கிளினிக்குக்குப் போகச் சொன்னார். தோல் ஆறிய பிறகு பூசக் காலெண்டுலா களிம்பு கொடுத்தார். கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அண்ணன் சொன்னார்: "தண்ணி எங்க கடையிலயும்தான் வருது. இதைச் சொல்லத்தான் அங்க ஆள் இல்ல."

கிடையாது

சனிக்கிழமைகளில் டாக்டர் கிள்ளானில் நோயாளிகளைப் பார்ப்பார். கடையில் நான் மட்டும்தான். அப்படி ஒரு சனிக்கிழமை காலை, பல மாதங்களுக்குப் பிறகு அந்தத் தைல வாசனை வந்தது. பின்னாலேயே செபஸ்தியான் அங்கிள். சட்டைப் பொத்தான் ஒன்றை மாற்றிப் போட்டிருந்தார். ஏர்கானுக்கு நேர் கீழே நின்றும் நெற்றி நனைந்திருந்தது.

"தேவாலயத்துல நாற்காலி தூக்கினேன். இடது கை வலிக்குது, தாடை வரைக்கும் இழுக்குது. ஆர்னிகா குடு, போய்க்கிட்டே இருக்கேன்."

"நெஞ்சுல ஏதாவது இருக்கா அங்கிள்?"

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு. காத்துதான். தைலம் போட்டுட்டேன்."

என் கை பழக்கத்தில் இழுப்பறையைத் திறந்துவிட்டது. ஆர்னிகா பாட்டிலுக்குப் பக்கத்தில் அந்தத் தாள். இழுப்பறையை மூடினேன். "மருந்து கிடையாது அங்கிள்," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். இந்த முறை வரிசையில் நின்ற நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மருந்துக்கடையில மருந்து இல்லையா? டாக்டர் இருந்தா இப்படிப் பேசுவியா?" என்றார் அங்கிள். "குடுத்து அனுப்பும்மா, வயசான மனுசன்," என்று பின்னாலிருந்த ஓர் ஆன்டி சிபாரிசு செய்தார். "இது ஹார்ட்டா இருக்கலாம். அங்கிள் நடக்கக் கூடாது. அந்த நாற்காலிய இழுத்துப் போடுங்க ஆன்டி," என்றேன். அவர் இழுத்துப் போட்டார். நான் சொல்லி ஒருவர் ஒரு வேலை செய்ததை நானே நம்பாமல் பார்த்துக்கொண்டு 999-ஐ அழுத்தினேன். ஆம்புலன்ஸ் கதவு மூடும்வரை அங்கிள் என்னைத் திட்டினார். நாளை முதல் வேறு கடையாம்.

மதியம் அவர் மகள் போன் செய்தார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு. நேரத்துக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கிள்ளானுக்கு போன் போட்டு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கிள் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "இப்ப கண்ணாடியத் தாண்டிடுச்சு."

மறுபடியும் ஆர்னிகா

ஒரு மாதம் கழித்து அங்கிள் மகளோடு வந்தார். வேறு கடை பற்றிப் பேச்சில்லை. சட்டைக் கையைச் சுருட்டி, முந்தின நாள் ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்திய இடங்களில் நீலம் பாய்ந்திருந்ததைக் காட்டினார். "அன்னிக்குக் கேட்ட ஆர்னிகாவை இன்னிக்காவது தருவியா?"

ரத்தம் உறையாமல் இருக்க அவர் மாத்திரை சாப்பிடுவது மகள் கையிலிருந்த மருந்துப் பையில் தெரிந்தது. "ஹார்ட் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க அங்கிள். அப்புறம் பார்க்கலாம்," என்றேன். முதல் தடவையிலேயே அவருக்குக் கேட்டது. மகளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார்: "இந்தப் பாப்பாகிட்ட நாலு மாத்திரை வாங்குறதைவிட லோரி லைசென்ஸ் எடுக்கிறது சுலபம் லா."

இந்தக் கவுண்டரில் ஆயிரக்கணக்கில் மாத்திரை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது என்னவோ அந்தச் சனிக்கிழமை கொடுக்காமல் விட்ட நாலைப் பற்றித்தான்.