கட்டிலுக்கடியில் கற்றது

வாப்பாவின் சைக்கிள் வீட்டு வாசல் "கடப்படி"யில் ஏறும்போது அதன் செயின் கவசம் கடகடவென்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் விளையாட்டை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வோம். எழுபதுகளின் இறுதி, கல்முனை. எனக்கு ஏழு வயது, மூத்தவள் ராத்தாவுக்குப் பன்னிரண்டு. சைக்கிளை அவர் மெதுவாகச் சாத்தினால் நிம்மதியாகச் சோறு தின்னலாம், எறிந்தால் கட்டிலுக்கடியில் புகுந்துவிட வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தராமலே கற்றிருந்தோம்.

இறக்காமத்தில் எங்கள் வயலை யானைகள் மிதித்தழித்த வருடம் தொடங்கிய அடி, அடுத்த போகம் நன்றாக விளைந்தபோதும் நிற்கவில்லை. உம்மாவின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதுவார். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு அப்பால் நின்றபடி, "ஆம்புளைக்குக் கோபம் வாறதுதான், பொறுத்துக்க புள்ள" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, கறியில் உப்புக் கூடிவிட்டதென்று சட்டியை உம்மாவின் நெற்றியில் எறிந்தவர், மண்வெட்டிப் பிடியோடு பாய்ந்தபோது ராத்தா குறுக்கே போய் நின்றாள். பிடி அவளுடைய இடது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கட்டிலுக்கடியில் கிடந்த எனக்கும் கேட்டது. ராத்தா அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

உம்மா உலக்கையைத் தூக்கி அவர் தோளில் ஓங்கி அடித்தாள். வாப்பா விழுந்தார். அதுவரை "நீங்க" என்று மட்டுமே கதைத்தவள், இரத்தம் கண்ணில் வழிய, தெருவே கூடும்படி கத்தினாள்:

"இது என்ட ஊடு! என்ட வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த வளவு! இறங்கு வெளிய!"

தோளைப் பிடித்துக்கொண்டு போனவர் பிறகு அந்த வளவை மிதிக்கவேயில்லை.

ஆனால் அடி நின்றதை எங்கள் உடம்பு நம்பவில்லை. கை கோணலாகப் பொருந்திய ராத்தா, பள்ளிக்கூடத்தில் சுவரோரத்தில் இடம் கிடைக்காவிட்டால் நடுங்குவாள். ஆசிரியர் பிரம்பால் மேசையில் தட்டினாலே எனக்கு வாய்ப்பாடெல்லாம் மறந்துபோகும். "மந்தப் புள்ள" என்று என்னைக் கடைசி வாங்கில் வைத்தார்கள்.

இன்று வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை. அந்த வீட்டை இடித்து, ராத்தா தன் மகளுக்கு மாடிவீடு கட்டிக் கொடுத்துவிட்டாள். சென்ற நோன்பில் என் கணவர் கைதவறிக் கஞ்சிக் கோப்பையை உடைத்தார். நினைப்பதற்குள் நான் மகளை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, அதில் முதுகை அழுத்திக்கொண்டு நின்றேன்.

அவள் ஒன்றும் விளங்காமல் சிரித்தாள்.

"என்ன உம்மா, கோப்பைதானே!"