படுத்து எழும் கார்

அந்த ஜெர்மன் கார் காலையில் தரையோடு படுத்துக் கிடக்கும். ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில் காற்றுப்பை வைத்த வண்டி; ராத்திரியில் காற்று கசிந்துவிடும். சொகுசுக் காருக்குள் பெரிய எஞ்சினைத் திணித்து, நாலைந்து வருஷம் செய்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். எழுபதுகளின் நடுவில் ஷார்ஜாவில் நான் அதை ஓட்ட வந்தபோது, ஒரு ரப்பர் வளையத்துக்குக்கூட ஜெர்மனியிலிருந்து பார்சல் வரவேண்டும். எனக்கோ காத்திருப்பது என்றாலே ஆகாது.

ஊரில் மகள் பிறந்திருந்தாள். இன்னும் முகம் பார்க்கவில்லை. என் பாஸ்போர்ட், விசா கொடுத்த கஃபீலான முதலாளியின் பெட்டியில் இருந்தது. லீவு கேட்டால் இந்தியில் ஒரே பதில்தான் சொல்வார்.

"இந்த வண்டி வேற எவன் கைக்கும் அடங்காது. இதை வித்துட்டா நீ ஊருக்குப் போ. கலாஸ், அவ்வளவுதான்."

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படுத்துக் கிடக்கும் காரை எவன் வாங்குவான்? குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிற இடமெல்லாம் இறுக்கினேன். மணல்காற்று ஓய்வதற்குள் துணியோடு ஓடினேன். கூட தங்கியிருந்த தஞ்சாவூர்க்காரர் சும்மா இருக்கமாட்டார்.

"கட்டுன பொண்டாட்டிய இப்படிக் கவனிச்சியாப்பா?"

"சும்மா கெடங்கண்ணே," என்று எரிந்து விழுவேன்.

ஒருநாள் துபாயிலிருந்து ஒரு வியாபாரி கார் பார்க்க வந்தார். எஞ்சினை முடுக்கினேன். முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம் என்று ஒட்டகம் எழுவதுபோல் எழுந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். சூடேறும்வரை விரட்டக்கூடாது, இந்த இடத்தில்தான் கசியும், அதற்கு இப்படிச் செய்யவேண்டும் என்று கேட்காததையெல்லாம் கொட்டினேன். எப்படியாவது வாங்கித் தொலைக்கட்டுமே என்ற அவசரம். ரோலா மைதானம் பக்கம் ஒரு சுற்று ஓட்டிக் காட்டியபோதே மனம் ஊர்போய்ச் சேர்ந்துவிட்டது.

இருவரும் உள்ளே உட்கார்ந்து பேசினார்கள். நான் வாசலில் நிலைகொள்ளாமல் நடந்தேன். கடைசியில் முதலாளி வெளியே வந்து என் தோளைத் தட்டினார்.

"வண்டி வித்தாச்சு. டிரைவரும் சேர்ந்து வந்தாத்தான் வாங்குவேன்னு சொல்லிட்டார். உன் விசாவை அவர் பேருக்கு மாத்திடறேன்."

"என் லீவு?"

"அதை இனிமே அவர்கிட்ட கேளு."

கேட்டேன். புது ஆளுக்கு ரெண்டு வருஷம் முடிந்தால்தான் லீவாம். அவர் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு "யல்லா" என்று கிளம்பச் சொன்னார். எஞ்சின் சூடேறும்வரை விரட்டாமல், அன்று நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்தபடியே ஓட்டினேன்.