மரியதாஸ் உருட்ட மறுத்த பகடை

மார்கழி இருபதாம் நாள், புதன்கிழமை, காலை ஆறு நாற்பதுக்குத் தொலைபேசி ஒலித்தது. மரியதாஸின் மகள் ஸ்டெல்லா பேசினாள். "அங்கிள், அப்பா போயிட்டாங்க" என்றாள். பட்டுக்கோட்டையில் ஒட்டப்பட்டிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் செவ்வாய்க்கிழமை என்று அச்சாகியிருக்கிறது. அது பிழை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் அதைத் திருத்துவது என் கடமை. அவர் பிரிந்தது புதன்கிழமை, விடிந்த பிறகு.

உங்களில் பெரும்பாலோருக்கு அவர் பம்ப்செட் மெக்கானிக். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டதா, காயில் எரிந்துவிட்டதா என்று சொல்லக்கூடியவர். எங்கள் மூவருக்கு மட்டும் அவர் இன்னொன்றாகவும் இருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் ஒரு விண்கப்பல் தொடர் வந்தது. அதன் மீது அவருக்குத் தீராத பிரியம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா ஒரு விடுமுறையில் வந்தபோது, மேசையைச் சுற்றி அமர்ந்து கதையாகவே ஆடும் ஓர் ஆட்டத்தை அவருக்குக் காட்டினாள். ஒருவர் நடுவராக இருந்து சூழ்நிலையைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாம் என்ன செய்வோம் என்று சொல்வார்கள். நிச்சயமில்லாததைப் பகடை தீர்மானிக்கும். மரியதாஸ் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டு, தம் பிரியத்துக்குரிய தொடருக்கென்று நூற்றுப் பன்னிரண்டு விதிகளை ஒரு நீளநோட்டில் தமிழில் எழுதினார். விற்பதற்கு அல்ல, விளையாடுவதற்கு.

ஞாயிறு மாலை மூன்று மணிக்கு அவர் பட்டறையில் கூடுவோம். நான் கப்பலின் தலைவன். தபால் துறையில் ஓய்வுபெற்ற ராஜேஸ்வரி அம்மாள் மருத்துவர். முத்துப்பேட்டைப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் குத்தகை நிலம் உழும் கலியமூர்த்தி, கப்பலின் பின்கோடியில் இயந்திர அறையைப் பார்த்துக்கொள்பவர். ஒருமுறை புதிய கிரகம் ஒன்றில் இறங்கினோம். குறிப்பேட்டில் பதிய அங்கே என்ன தேதி என்று கேட்டேன்.

"அங்க சூரியனே மூணு சார். எந்த சூரியனுக்குத் தேதி வேணும்?" என்றார் மரியதாஸ்.

"அவருக்கு மூணுக்கும் வேணும்" என்றார் ராஜேஸ்வரி அம்மாள்.

அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, மூன்று தேதிகளையும் பெற்றுப் பதிந்தேன்.

தொடரை அவர் வழிபட்டார்; ஆனால் அதற்கு அடிமையாக இருக்கவில்லை. கப்பலில் காற்றோ தண்ணீரோ குறைந்தால் கடைசி அறைக்குத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய நாற்பத்தோராவது விதி. தொடரில் அப்படி எங்குமே இல்லை என்று நான் ஆட்சேபித்தேன். "கடைமடைக்குப் போய்ச் சேராத தண்ணி தண்ணியே இல்ல சார். நம்ம கப்பலு, நம்ம சட்டம்" என்றார்.

புரட்டாசி இரண்டாம் ஞாயிறன்று நடந்ததை இப்போது சொல்லியாக வேண்டும். கப்பலில் துளை விழுந்து காற்று கசிந்துகொண்டிருந்தது. நாற்பத்தோராவது விதிக்கு ஒரு விலக்கு உண்டு: கப்பல் முழுவதற்கும் ஆபத்து என்றால் தலைவன் தன் பொறுப்பில் முடிவெடுக்கலாம். தொடரில் தலைவன் இத்தகைய நேரத்தில் பின்பகுதிக் கதவை மூடிவிடுவான். நானும் மூடினேன். கதவுக்கு அப்பால் இருந்தவர் கலியமூர்த்தி.

அந்தப் புரட்டாசியில் அவருடைய வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. நேரடி விதைப்பு முளைத்து, முளைத்தது கருகிக்கொண்டிருந்தது. அதை நான் அறிவேன். அறிந்தும் அது வேறு, ஆட்டம் வேறு என்று நினைத்தேன்.

கலியமூர்த்தி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "மேல மதகு ஷட்டர எறக்குறவருக்கு எப்பவும் ஒரு காரணம் இருக்கும் கேப்டன் சார். நல்ல காரணமாவும் இருக்கும்" என்றார். பிறகு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

இயந்திர அறைக்காரர் பிழைத்தாரா என்று பகடை உருட்டும்படி மரியதாஸிடம் சொன்னேன். பகடை அவர் உள்ளங்கையில்தான் இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டார்.

"ஆளு எதுக்க இல்லாதப்ப அவரு உசிர உருட்டக் கூடாது சார்."

"அப்படி விதி இருக்கிறதா?"

"இல்ல. இப்பதான் எழுதப் போறேன்."

நூற்றுப் பதின்மூன்றாவது விதி அவ்வாறு எழுதப்பட்டது. அதன்பின் கப்பல் நகரவில்லை. ஞாயிறுதோறும் மூவரும் கூடினோம், தேநீர் குடித்தோம், கலைந்தோம். கலியமூர்த்தியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரும்படி மரியதாஸ் என்னிடம் இரண்டு முறை கேட்டார். நான் அதற்குப் பதிலாக, தொடரின் தலைவன் கதவை மூடிய இடங்களையெல்லாம் தேடி, பதினோரு சான்றுகளைப் பட்டியலிட்டேன். என் முடிவு சரி என்று நிறுவிய பிறகு போகலாம் என்பது என் எண்ணம்.

கப்பல் நின்ற எட்டாவது ஞாயிறு, கார்த்திகை ஐந்தாம் தேதி, அவர் தஞ்சாவூரில் மருத்துவமனையில் இருந்தார். இதயம் பலவீனப்பட்டிருந்தது. பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டினேன். பொறுமையாகப் பதினொன்றையும் படித்தார்.

"எல்லாம் சரிதான் சார். அந்தப் பக்கம் இருந்தவங்க பேரு ஒண்ணுலயும் இல்லியே?"

தொடரில் அவர்களுக்குப் பெயர் கிடையாது என்றேன்.

"நம்மகிட்ட இருக்குல்ல. போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க."

போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்று சொன்னேன். அவருடன் நான் பேசிய கடைசி முழுப் பேச்சு அதுதான்.

மார்கழி இருபத்தொன்று, வியாழக்கிழமை, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. கலியமூர்த்தி வந்திருந்தார். சடங்குகள் முடிந்து கூட்டம் கலையும்போது வாசலருகே அவரை நிறுத்தினேன். மரியதாஸ் என்னைக் கடைசியாகக் கேட்டுக்கொண்ட நாளிலிருந்து அன்றைக்கு நாற்பத்தாறு நாட்கள் ஆகியிருந்தன.

"கதவைத் திறக்கிறேன்" என்றேன். இதற்கென்று நான் தயாரித்து வைத்திருந்த முன்னுரை எதுவும் வாயில் வரவில்லை.

அவர் கேட்டார்: "தொறந்தா முன்பக்கத்துக் காத்தும் போயிருமே. யாருக்குக் கொறையும்?"

"தலைவனின் அறைக்கு."

"தொடர்ல அப்படி இல்லியே சார்?"

"இல்லை."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அது மரியதாஸுக்காகத்தான்; எனக்காக என்று நான் கற்பனை செய்துகொள்ளவில்லை. "ஞாயித்துக்கெழம வரேன்" என்றார்.

வந்தார். பட்டறையில் ராஜேஸ்வரி அம்மாள் நடுவராக அமர்ந்தார். எதிரே கலியமூர்த்தி இருந்ததால், மூன்று மாதங்களுக்கும் மேலாக நின்றுபோயிருந்த பகடை முறைப்படி உருண்டது. இயந்திர அறைக்காரர் பிழைத்தார். அடுத்து தலைவனுக்கு உருட்ட வேண்டியிருந்தது. "சார், நீங்க எதுக்கதானே இருக்கீங்க?" என்று ராஜேஸ்வரி அம்மாள் கேட்டார். இருக்கிறேன் என்றேன். தலைவன் பிழைக்கவில்லை. குறிப்பேட்டின் கடைசிப் பதிவை மூன்று சூரியன்கள் இல்லாத நம் தேதியில், என் கையாலேயே எழுதினேன். இப்போது நான் அதே கப்பலில், கலியமூர்த்தியின் கீழ், எண்ணெய் துடைக்கும் உதவியாளன்.

விதிகளின் நோட்டு ஸ்டெல்லாவிடம் இருக்கிறது. அது அவளுக்கு உரியது. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அவருடைய ஒரு கேள்வியை மட்டும். எது சரி என்று எனக்கு மிக நன்றாகத் தெரிந்திருக்கும் சமயங்களில், கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் பெயர் என்ன என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோது நான் ஒருமுறையாவது அதைக் கேட்டிருந்தால், மருத்துவமனைக்கு முந்தைய அந்த ஏழு ஞாயிறுகளும் அவர் ஆடியிருப்பார்.